சத்தம் இல்லை என்று சொன்னவர்

கார் பழுதுபார்க்கப் படிப்பு வேண்டுமா வேண்டாமா என்று அந்தப் பட்டறையில் யாராவது வாயைத் திறந்தால் போதும், அன்றைக்கு வேலை உருப்பட்ட மாதிரிதான். மாலை டீ வருகிற நேரத்தில் யாராவது திறக்காமலும் இருக்க மாட்டார்கள். பெரும்பாலும் அந்தப் புண்ணியத்தைக் கட்டிக்கொள்வது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அவருடைய வேனில் ஒரு கோளாறும் இருக்காது. சும்மா வருவார், கழற்றிப் போட்ட டயர் மேல் உட்காருவார், "இன்னைக்கு எனக்கு ஒரு முடிவு தெரிஞ்சாகணும்" என்று பற்றவைத்துவிட்டுக் கால்மேல் கால் போட்டு வேடிக்கை பார்ப்பார்.

படிப்பு வேண்டாம் என்ற கட்சிக்குத் தலைவர் பட்டறைக்காரர். அவரை எல்லோரும் காதண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் மின்சார பில்லில் மட்டும் இருக்கிறது. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஓடுகிற என்ஜின் மேல் ஊன்றி, பிடியைத் தன் காதில் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, "தண்ணி பம்ப் பேரிங். இப்போதைக்கு ஓடும். ஆனா ஒருநாள் நடுரோட்டுல உங்களை இறக்கிவிட்டுட்டுத்தான் மறுவேலை பாக்கும்" என்பார். பிரித்துப் பார்த்தால் அதுவாகத்தான் இருக்கும். இதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மீசை முளைக்கிற வயதில் சித்தப்பாவின் பழைய காரைப் பிரித்துப் போட்டு, திரும்பப் பூட்டி, மிச்சமான போல்ட்டுகளைச் சித்தப்பாவுக்குத் தெரியாமல் குப்பையில் போட்டவர். அதற்குப் பிறகும் அந்தக் கார் ஓடியது. அதைத்தான் தன் வாதத்துக்கு முதல் சாட்சியாக இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வேண்டும் என்ற கட்சிக்குத் தலைவர் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி. முறையாகப் பயிற்சிக் கல்லூரியில் படித்துத் தேறியவர். கையுறை போடாமல் ஒரு திருகாணியைக்கூடத் தொட மாட்டார். சர்டிபிகேட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, காற்றடிக்கிற கம்ப்ரெசருக்கு மேலே மாட்டியிருக்கிறார். கம்ப்ரெசர் ஓடும்போதெல்லாம் சட்டம் ஆடிச் சாய்ந்துவிடும். மறுநாள் காலையில் வந்ததும் முதல் வேலையாக அதை நேராக்குவார்.

"மாமா, இப்போ வர்ற கார்ல பாதி கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் என்ன இருமுமா, தும்முமா? எதைக் காதுல வச்சுக் கேப்பீங்க?" என்பார் மச்சான்.

"உன் ஸ்கேனர் ஆயிரம் பொய் சொல்லும்டா. சத்தம் பொய் சொல்லாது."

"ஸ்கேனரும் வேணாம், சத்தமும் வேணாம். கழட்டி அளந்து பாருங்க. எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க."

"தையல்காரன்தான்டா அளந்து பாக்கணும். நான் மெக்கானிக்."

டீ ஆறிப்போகும். வேன்காரர் ஆனந்தமாக எழுந்து போவார். சண்டையெல்லாம் வாயோடு சரி. மச்சானுக்குக் காய்ச்சல் என்றால் காதண்ணனுக்கு அன்றைக்குக் கை ஓடாது. மச்சானும் வெளியே யாரிடமாவது பேசும்போது, "எங்க மாமா காதுக்கு ஈடு கிடையாது" என்று பீற்றிக்கொள்வார். மாமாவின் முகத்துக்கு நேராக மட்டும் அதைச் சொல்ல மாட்டார்.

இப்படி ஊரறிந்த அந்தக் காதுக்குத்தான் ஒரு வருடமாக நேரம் சரியில்லை.

முதலில் தெரிந்தது ஒரு பழைய காரின் பெல்ட் விஷயத்தில். வண்டியைக் கிளப்பினார்கள். வேன்காரர் முகத்தைச் சுளித்தார், மச்சான் பல்லைக் கடித்தார், தெருவில் போன நாய் திரும்பிப் பார்த்தது. "என்னடா எல்லாருக்கும்? எதுக்கு இப்படி முழிக்கிறீங்க?" என்று கேட்டார் காதண்ணன். "மாமா, பெல்ட் இந்தக் கத்துக் கத்துது, விளையாடுறீங்களா?" என்றார் மச்சான். காதண்ணனும் விளையாடியதாகவே சிரித்து வைத்தார். ஆனால் பானெட் பக்கம் குனிந்து மறுபடி கேட்டுப் பார்த்தார். என்ஜினின் உறுமல் கேட்டது, சைலன்சரின் படபடப்பு கேட்டது. மேலே, மெலிசாக, ஊசி மாதிரி வருகிற சத்தம் மட்டும் அவருக்கு இல்லவே இல்லை.

அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. கட்டின மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. படிப்பு இல்லை என்பதை மார்தட்டிச் சொல்லிக்கொண்டு திரிந்த மனிதர். காது இருக்கிற தைரியத்தில்தான் அப்படித் தட்டினார். இப்போது காதும் இல்லை என்றால் நான் யார், எதற்கு இந்தப் பட்டறையில் நிற்கிறேன் என்று நினைத்து நினைத்துப் பார்த்தார். பயந்துதான் போனார்.

பயம் வந்தால் சிலருக்குப் புத்தி மழுங்கும். காதண்ணனுக்குத் தீட்டிக்கொண்டது. வருகிற வாடிக்கையாளரிடம், "சத்தம் எப்படி வருதுன்னு நீங்களே வாயால செஞ்சு காட்டுங்க. உங்க வண்டி, உங்களைவிட யாருக்குத் தெரியும்?" என்று ஆரம்பித்தார். எவ்வளவு மெலிசான சத்தமாக இருந்தாலும் மனிதத் தொண்டை வழியாக வரும்போது கொஞ்சம் கனத்துத்தானே வரும், அது அவருக்குக் கேட்டது. கழுத்துப்பட்டை கட்டிய வங்கி மேலாளர் பட்டறை நடுவில் நின்று, "கடகட... கடகட... டுப்!" என்று தோளைக் குலுக்கிக் காட்டினார். புதிதாகக் கல்யாணம் ஆன ஜோடி ஒன்று சண்டையே போட்டது. கணவன் "ஙொய்ய்" என்றான். "நீங்க தூங்கிட்டுத்தானே வந்தீங்க, உங்களுக்கு என்ன தெரியும்? அது கீய்ய்" என்றாள் அவள். காதண்ணன் நீதிபதி மாதிரி இருவரையும் கேட்டுவிட்டு அவள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். அவள் சொன்னதுதான் சரியாக இருந்தது. செய்தி பரவியது. சும்மா போகிறவர்கள்கூட நின்று வேடிக்கை பார்த்தார்கள். கூட்டம் கூடியது.

"எங்க கல்லூரியில இப்படி ஒரு பாடமே இல்ல மாமா. வாடிக்கையாளரைப் பேச விடணும்ங்கிறது பெரிய விஷயம்" என்றார் மச்சான், முதல்முறையாக முகத்துக்கு நேராக. வேறு சமயமாக இருந்தால் காதண்ணன் ஒரு வாரம் தலைகால் புரியாமல் ஆடியிருப்பார். அன்றைக்கு அந்தப் பாராட்டு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

அப்போதுதான் பாட்டு டீச்சர் வந்தார். வீட்டு மாடியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறவர், சின்னச் சிவப்புக் கார் வைத்திருக்கிறார். மச்சான் அன்றைக்கு உதிரிபாகம் வாங்க வெளியே போயிருந்தார்.

"அண்ணே, பிரேக் பிடிச்சா ஒரு சத்தம் வருது."

"செஞ்சு காட்டுங்க டீச்சர்."

மற்றவர்கள் கூச்சப்படுவார்கள், சிரிப்பார்கள், ஒன்றுக்கு மூன்று தடவை மாற்றிச் செய்வார்கள். டீச்சர் அப்படியெல்லாம் செய்யவில்லை. ஒரு நிமிடம் யோசித்தார், சுருதியைப் பிடித்தார், உதட்டைக் குவித்து ஒரு விசில் அடித்தார். டயர் மேல் உட்கார்ந்திருந்த வேன்காரர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "அப்படியே வண்டி மாதிரியே இருக்கு டீச்சர்!" என்றார். காதண்ணன் டீச்சரின் குவிந்த உதட்டைப் பார்த்தார். கொஞ்சம் காற்று வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. அத்தனை பேர் தப்பும் தவறுமாகச் செய்து அவரைக் காப்பாற்றியிருக்க, கச்சிதமாகச் செய்து காட்டிய ஒரே ஆளிடம் அவர் மாட்டிக்கொண்டார்.

"ம்... புரியுது" என்றார்.

வண்டியை எடுத்துத் தெருக்கோடிவரை ஓட்டினார். பத்து இடத்தில் பிரேக் பிடித்தார். ஒன்றும் கேட்கவில்லை. எனக்குக் கேட்காத சத்தமாக இருக்குமோ என்று மனசு ஓரமாக முணுமுணுத்தது. வாயைத் திறந்து அதைச் சொல்ல வேண்டும் என்றால் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். திரும்பி வந்து சாவியை நீட்டினார். "சத்தம் இல்ல டீச்சர். தூசியா இருந்திருக்கும். தைரியமா எடுத்துட்டுப் போங்க."

காதண்ணன் சொன்னால் சொன்னதுதானே. டீச்சர் தைரியமாக எடுத்துக்கொண்டு போனார்.

அந்த வாரம் முடிவதற்குள் சிவப்புக் கார் திரும்பி வந்தது. அது தெருமுனையில் கீச்சிட்டுக்கொண்டு திரும்பும்போதே மச்சான் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். வாசலில் வந்து நின்றதும், ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் பேட் தேய்ந்து மாவாகிப் போயிருந்தது. பின்னால் இருக்கிற இரும்புத் தகடு டிஸ்க்கைக் கீறிக் கோடு கோடாக உழுது வைத்திருந்தது.

"பாருங்க டீச்சர், பேட் ஓரத்துல இந்தச் சின்னத் தகடு இருக்குல்ல? பேட் தேஞ்சுபோச்சுன்னா இது டிஸ்க்ல உரசி விசிலடிக்கும். எச்சரிக்கைக்குன்னே வச்சிருக்கிறது. கம்ப்யூட்டருக்குத் தெரியாது, ஸ்கேனர் போட்டாலும் காட்டாது. பேட்டை அளந்தா அரை நிமிஷத்துல தெரிஞ்சிடும்" என்றவர், காதண்ணன் பக்கம் திரும்பினார். "எத்தனை வருஷமா கத்துறேன் மாமா, கழட்டி அளங்கன்னு! சரி, அளக்க வேணாம். இந்தச் சத்தம் உங்க காதுக்கா தப்புச்சு?"

"அன்னைக்கு இந்தச் சத்தம் இல்ல" என்றார் காதண்ணன்.

டீச்சர் அவரையே பார்த்தார். "நான் விசிலடிச்சுக் காட்டினேனே அண்ணே."

காதண்ணன் கம்ப்ரெசரைப் பார்த்தார்.

"நேத்துப் போட்டிக்குப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனேன். பின்சீட்டு நிறைய பிள்ளைங்க. இறக்கத்துல பிரேக் நழுவுற மாதிரி இருந்துச்சு. நீங்க சொல்லிட்டீங்களேன்னு ஓட்டினேன்" என்றார் டீச்சர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அன்று வீட்டில் காதண்ணன் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். டீச்சர் விஷயத்தைத் தம்பி வாயால் கேட்டிருந்த மனைவிக்கு ஒரு சந்தேகம். தன் போனை எடுத்து எதையோ அழுத்தினாள், அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன?" என்றார்.

"உங்களுக்குத்தான் போன் பண்றேன். எடுங்க."

அவர் சட்டைப் பையைப் பார்த்தார். போன் அங்கே பளபளவென்று எரிந்துகொண்டிருந்தது. நெஞ்சுக்கு மேலேயே மணி அடிக்கிறது, அவருக்குக் கேட்கவில்லை.

"இவ்வளவு நாளா, கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கிறாரேன்னு உங்களைத் திட்டித் தீர்த்தேன். பாவி மனுஷா, சொல்லக் கூடாதா?" என்றவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கையோடு மறுநாளே அவரைக் காது பரிசோதிக்கும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே இருந்தது இளவயதுப் பெண். அமைதியாகப் பேசினாள். பஞ்சு, விளக்கு, கம்பி மாதிரி ஏதோ ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்தாள். காதண்ணன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"ஒரு நிமிஷம்மா. தப்பா நினைக்காதே. நீ இதை முறையாப் படிச்சியா, இல்ல சும்மா பாத்துப் பழகினதா?"

"படிச்சிருக்கேன் சார்."

"எங்க படிச்சே? பரீட்சையெல்லாம் வச்சாங்களா? சர்டிபிகேட் குடுத்தாங்களா?"

அவள் சிரித்துக்கொண்டே சுவரைக் காட்டினாள். காதண்ணன் எழுந்து போய்ச் சட்டத்துக்கு முன்னால் நின்றார். மேலிருந்து கீழ்வரை, பதிவு எண், முத்திரை, கையெழுத்து ஒன்றுவிடாமல் படித்தார். திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினால், மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.

"என்னடி சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல. ஊரான் வண்டிக்கு வேணாம், உங்க காதுக்கு மட்டும் வேணுமாக்கும்!"

பட்டறையில் இத்தனை வருடமாக மச்சான் போட்ட வாதங்களையெல்லாம் தூசி மாதிரி ஊதித் தள்ளிய காதண்ணன், தான் கேட்ட கேள்வியிலேயே தடுக்கி விழுந்து கிடந்தார். மெதுவாக வந்து நாற்காலியில் உட்கார்ந்து, காதைக் காட்டினார். "உன் தம்பிகிட்ட மட்டும் சொல்லிடாதே" என்றார்.

"நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும். அந்த டீச்சர்கிட்டயும்."

பரிசோதனை முடிந்து, அந்தப் பெண் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினாள். கனத்த சத்தங்களுக்கான இடது பக்கத்தில் கோடு நன்றாகத்தான் ஓடியது, மெலிசுச் சத்தங்கள் வருகிற இடத்தில் திடீரென்று மாடிப்படியில் தவறினவன் மாதிரி கீழே விழுந்து கிடந்தது. இத்தனை காலம் ஓடுகிற என்ஜினுக்குப் பக்கத்தில் தலையை வைத்துக்கொண்டிருந்த பலன் என்றாள். போனது திரும்பாது, கருவி வைத்தால் சமாளிக்கலாம் என்றாள். இரண்டு குட்டிக் கருவிகளைக் காதில் பொருத்தி, எப்படி வைப்பது, எப்படிக் கழற்றுவது, எதெல்லாம் செய்யக் கூடாது என்று பொறுமையாகச் சொன்னாள். காதண்ணன் ஜன்னலுக்கு வெளியே குருவி கத்துவதைக் கேட்டு மயங்கிப்போய் உட்கார்ந்திருந்தார், பாதி உள்ளே போகவில்லை. குறிப்புப் புத்தகம் ஒன்று கொடுத்தாள். வாழ்நாளில் எந்த இயந்திரத்தின் குறிப்புப் புத்தகத்தையும் அவர் பிரித்தவரில்லை. இதையும் அலமாரியில் போட்டார்.

மறுநாள் காது தெரியாதபடி கம்பளித் தொப்பி ஒன்றை இழுத்துவிட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனார். "அண்ணே, இந்த வெயில்ல கம்பளித் தொப்பியா? தலையில என்ன முட்டை பொரிக்கப் போறீங்களா?" என்றார் வேன்காரர். "தலைவலி" என்றார் காதண்ணன், முறைத்துக்கொண்டு.

உள்ளுக்குள் திருவிழாதான். கேட் கீச்சிட்டது. கம்ப்ரெசர் குழாயில் எங்கேயோ காற்று கசிந்தது, பாழாய்ப்போனது எத்தனை மாதமாகக் கசிகிறதோ. மச்சான் வேலை செய்யும்போது மூக்கால் பாடுவதும் மறுபடி காதில் விழுந்தது, அதுவும் சகிக்கவில்லை. ஒவ்வொரு சத்தமும் ஊருக்குப் போன உறவுக்காரன் திரும்பி வந்த மாதிரி இருந்தது. இவ்வளவு நல்லா இருக்கும்போது எதற்குச் சொல்ல வேண்டும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத் தானே தவணை வாங்கிக்கொண்டார். அந்தத் தவணை மாலை டீவரைகூடத் தாங்கவில்லை.

டீச்சர் காரை எடுத்துப் போக வந்தார். புதுப் பேட், புது டிஸ்க் எல்லாம் மச்சான் பூட்டி முடித்திருந்தார். இத்தனை மில்லிமீட்டர், இன்ன இறுக்கம் என்று அளந்த கணக்கையெல்லாம் ஒப்பித்தார்.

"அதெல்லாம் எனக்குப் புரியாது தம்பி. அன்னைக்குச் சத்தம் இல்லைன்னு சொன்னது அண்ணன். அவரே உக்காந்து கேட்டுச் சொல்லட்டும். இந்தத் தடவை நான் பக்கத்துலயே நிப்பேன்" என்றார் டீச்சர்.

காதண்ணன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். பழக்க தோஷம், காதைச் சாய்த்துக் கதவுக் கண்ணாடி ஓரமாகக் கொண்டு போனார். கீஈஈய்ங் என்று மெலிசாக ஒரு சத்தம் எழுந்தது.

ஒரு நொடி அவருக்குச் சந்தோஷம் பொங்கிவிட்டது. கேட்கிறது! ஊசி மாதிரிச் சத்தம் கேட்கிறது! அடுத்த நொடியே வியர்த்தது. "இருக்கு! சத்தம் இருக்கு டீச்சர்!" என்று கத்தினார்.

"ஆமா, எனக்கும் கேக்குது" என்றார் டீச்சர். வேன்காரர் டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தார். தன் கையால் அளந்து பூட்டிய மச்சானின் முகம் செத்துப்போயிற்று.

பானெட் திறந்தது. ஸ்கேனர் வந்தது, அதில் ஒன்றும் இல்லை. பெல்ட்டைக் கழற்றினார்கள். காதண்ணன் சாய்ந்து கேட்டார், சத்தம் இருந்தது. சக்கரத்தை மறுபடி கழற்றினார்கள். சத்தம் இருந்தது. "என்ஜினை நிறுத்துங்க மாமா" என்றார் மச்சான். நிறுத்தினார். கீஈஈய்ங்.

"என்ஜின் நின்னும் கத்துதா? பேய் கீய் இருக்கப்போகுது" என்றார் வேன்காரர், ஆசையாக.

மச்சான் பேட்டரி இணைப்பையும் கழற்றினார். கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று யோசித்தார். "எங்களுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுத்தது இதுதான். ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்து. எதை மாத்தினா சத்தம் நிக்குதோ, அதுதான் கோளாறு. இப்போ வண்டியில கரெண்ட் இல்ல, ஓடுறது ஒண்ணும் இல்ல. இது வெறும் இரும்பு. இன்னும் மாத்தாதது ஒண்ணே ஒண்ணுதான்" என்றவர் காதண்ணனைப் பார்த்தார். "மாமா, கொஞ்சம் இறங்குங்க."

இறங்கினார். பட்டறை நிசப்தமாக இருந்தது.

"ஏறிச் சாஞ்சு கேளுங்க." கீஈஈய்ங்.

"என்ஜின் ஓடினப்பவும் இதே சுருதிதான், நின்னப்பவும் இதே சுருதிதான்" என்றார் டீச்சர், கண்ணைச் சுருக்கிக்கொண்டு. "இது வண்டியோட சத்தமே இல்ல தம்பி."

"மாமா, இறங்கி வந்து அந்தச் சுவர்ல காதை வைங்க."

அதற்குள் காதண்ணனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காதை எதிலும் ஒட்டக் கூடாது, ஒட்டினால் கருவி விசிலடிக்கும் என்று அந்தப் பெண் சொல்லும்போது அவர் குருவியைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தார். வாசலில் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் நின்றார்கள். வேறு வழியில்லாமல் சுவரோரமாகப் போய்த் தலையைச் சாய்த்தார். சுவர் விசிலடித்தது.

"சுவருக்கும் பிரேக் போச்சா!" என்றார் வேன்காரர்.

"மாமா," என்றார் மச்சான், ரொம்ப மெதுவாக, "தொப்பியைக் கழட்டுங்க."

கழற்றினார். இரண்டு காதிலும் இரண்டு குட்டிக் கருவிகள் இருந்தன. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவருக்கு இருந்தது. வேன்காரர் வாயில் விழுந்தால் விடிவதற்குள் ஊரெல்லாம் தமுக்கடித்துவிடுவார், காதண்ணனுக்குக் காது செவிடு என்று. எப்படியும் தெரியப்போகிறது, தன் வாயாலேயே தெரியட்டும் என்று நிமிர்ந்தார்.

"டீச்சர், அன்னைக்குச் சத்தம் இருந்துச்சு. எனக்குத்தான் கேக்கல. நீங்க விசிலடிச்சதும் கேக்கல. ஒரு வருஷமா மெல்லிசுச் சத்தம் எதுவும் கேக்குறதில்ல. வர்றவங்களை வாயால செஞ்சு காட்டச் சொன்னது பெரிய வித்தை ஒண்ணுமில்ல, என் குறையை மறைக்கத்தான். சொன்னா என்னை யாரும் மதிக்க மாட்டாங்கன்னு பயம். பிள்ளைங்களை வச்சுக்கிட்டு ஓட்டினேன்னு நீங்க சொன்ன நேரத்துலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆரம்பித்த வாய் நிற்கவில்லை. "இதுல கூத்து என்னன்னா, காதுக்குள்ள கம்பியை விட வந்த பொண்ணுகிட்ட சர்டிபிகேட் இருக்கான்னு கேட்டேன். எழுந்து போய் முழுசாப் படிச்சுப் பாத்துட்டுத்தான் காதைக் காட்டினேன். அப்போ உங்க அக்கா சிரிச்ச சிரிப்பை நீ பாத்திருக்கணும்டா மச்சான்."

வேன்காரர்தான் முதலில் வெடித்தார். பிறகு வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். மச்சான் சிரிக்க நினைத்தார், ஆனால் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஒரு வருஷமா தனியா வச்சுக்கிட்டுத் திரிஞ்சீங்களா மாமா? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று கையுறையோடு முகத்தைத் துடைத்து, முகமெல்லாம் கிரீஸ் ஆக்கிக்கொண்டார்.

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "கேக்காம இருக்கிறது குத்தமில்ல அண்ணே. எனக்குக் கேக்கலன்னு சொல்லியிருந்தீங்கன்னா, நான் வண்டியை நிறுத்திட்டு இந்தத் தம்பி வர்றவரைக்கும் காத்திருப்பேன். நீங்க சத்தம் இல்லன்னு சொன்னீங்க. அது வேற, இது வேற."

"வேறதான் டீச்சர்" என்றார் காதண்ணன். "அந்த ரெண்டுக்கும் நடுவுலதான் உங்க பிரேக் போச்சு."

டீச்சர் பின்கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். "பூட்டுங்க. ஓட்டிக் காட்டுங்க. ரெண்டு பேரும் வாங்க" என்றார்.

பூட்டினார்கள். மச்சான் மறுபடி எல்லாவற்றையும் அளந்தார். இந்தத் தடவை காதண்ணன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, எங்கே வைத்து அளக்கிறாய், எவ்வளவு இருந்தால் சரி, எவ்வளவுக்குக் கீழே போனால் மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மச்சான் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டினார். தையல்காரன் என்று ஒருதரம்கூடச் சொல்லவில்லை.

பிறகு காதண்ணன் ஓட்ட, மச்சான் பக்கத்தில் உட்கார, டீச்சர் பின்னால் இருக்க, சிவப்புக் கார் தெருவில் இறங்கியது. மேட்டில் ஏறி, மறுபுறம் இறக்கத்தில் உருண்டது. தொப்பி இல்லை. காதைச் சாய்க்காமல் நிமிர்ந்து உட்கார்ந்து, காதண்ணன் பிரேக்கை அழுத்தினார். வண்டி பிடித்து நின்றது. அவர் கேட்டார். மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடியும் கேட்டார். இல்லை என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு மச்சான் பக்கம் திரும்பினார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல. உனக்கு?"

இத்தனை வருடத்தில் அவர் யாரிடமும் கேட்காத கேள்வி அது. மச்சான் கண்ணாடியை இறக்கி, மாமா மாதிரியே காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "எனக்கும் ஒண்ணும் கேக்கல மாமா" என்றார்.